சின்ன கார் கூரையில் கயாக்: எதில் கட்டுவது, எப்படிக் கட்டுவது?

#1 கழிமுகம்

வணக்கம். கார் வேகன் ஆர். கூரையில் கம்பெனி வைத்த கேரியர் எதுவும் இல்லை. அக்சஸரி கடையில் ஒட்டிய வெள்ளி நிற ரெயில் மட்டும் இரண்டு பக்கமும் இருக்கிறது. கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் சின்னப் படகு) இரண்டு. இரண்டுமே மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை, பாலிஎதிலின். நீளம் 3 மீட்டர், அகலம் 76 செ.மீ., எடை தலா 22 கிலோ. வேளச்சேரியிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகக் கோவளம், எப்போதாவது பழவேற்காடு.

யோசித்து வைத்திருப்பது இதுதான்: கூரையில் பழைய ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, கயாக்குகளைப் பக்கம் பக்கமாக வைத்து, லாரி பெல்ட் விற்கும் கடையில் ராட்செட் பெல்ட் (கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்குவது) வாங்கி அந்த ரெயிலிலேயே இறுக்கிவிடலாம். போதாவிட்டால் ஜன்னல் வழியாக நைலான் கயிறு சுற்றலாம். சரிவருமா?

#2 அமரம்

நண்பரே, நீங்கள் எழுதியதில் நான்கு இடத்தில் ஆபத்து இருக்கிறது. பெரியதை முதலில் சொல்கிறேன்.

அந்த ரெயில் அலங்காரம். அடியில் இருப்பது இரட்டைப் பக்க டேப், அதிகம் போனால் இரண்டு சின்ன ஸ்க்ரூ. விரல் நகத்தை முனையில் கொடுத்து லேசாக நெம்பிப் பாருங்கள். பிளாஸ்டிக் வளையும், டேப்பின் கறுப்பு ஓரம் தெரியும். பாரம் தாங்கும் ரெயில் கூரைக்குள்ளே இருக்கும் தகட்டோடு போல்ட் போட்டு இறுகியிருக்கும். கையேட்டில் எத்தனை கிலோ என்றும் போட்டிருக்கும். வெயிலில் நின்ற காரின் கூரையைக் கையால் தொட முடியாது. அந்தச் சூட்டில் டேப் பசை இளகிவிடும். பெல்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது பிடித்திருக்கும் பொருள் பிய்ந்து வந்தால் கயாக்கும் ரெயிலும் சேர்ந்தே பின்னால் வரும் பைக்காரர் மேல் விழும்.

அடுத்தது எடை. கார் கையேட்டில் கூரை பாரம் எவ்வளவு என்று தேடுங்கள். சின்ன கார்களில் 50 கிலோ அளவில் பல உண்டு. அதில் கயாக் மட்டுமல்ல, கயாக் உட்காரக் கூரைக்கு மேலே போடும் குறுக்குக் கம்பி, அதைக் கூரையோடு பிடிக்கும் கால்கள், பஞ்சு (ஃபோம்), பெல்ட் எல்லாம் சேர்த்திதான். கம்பியும் காலும் 5 கிலோ, பஞ்சு, பெல்ட் எல்லாம் 3 கிலோ, இரண்டு கயாக் 44 கிலோ. 52 ஆகிவிட்டது. கம்பி செய்த கம்பெனியும் தனியாக ஒரு அளவு சொல்லும். இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. கையேட்டில் அளவே இல்லை என்றால் சர்வீஸ் சென்டரில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'ஏற்றலாம் சார், ஒன்றும் ஆகாது' என்று வாயால் சொல்வது கணக்கில் வராது.

அகலமும் இடிக்கிறது. 76 + 76 = 152 செ.மீ. வேகன் ஆர் உடல் அகலம் 162. ஆனால் கூரை மேலே குறுகிக்கொண்டு போகிறது. நீங்கள் போடப்போகும் கம்பி 110–120 செ.மீ.தான் இருக்கும். இரண்டு கயாக்கும் தட்டையாக உட்காராது.

நான்காவது ராட்செட் பெல்ட். கயாக்குக்கு அது கூடவே கூடாது.

என் முடிவு: கூரையில் ஒன்று. இரண்டாவதற்கு வேறு வண்டி, அல்லது டிக்கிக்குள் போகும் காற்றடைக்கும் கயாக்.

#3 உப்புக்காற்று

அமரம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். மொட்டைக் கூரைக்கு என்ன வழி என்று பார்ப்போம்.

முதல் வழி, கதவு விளிம்பைப் பிடிக்கும் கிளாம்ப் கால். ரப்பர் பாதம் கூரையின் ஓரத்தில் உட்காரும். ஒரு எஃகுத் தகடு வளைந்து கதவு திறக்கும் சட்டத்துக்குள் கொக்கி போடும். சாவியைத் திருகினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து இறுகும். மூன்று விஷயம் கவனிக்கணும். அந்தத் தகடு மாடலுக்கு மாடல் வேறு. ஸ்விஃப்டுக்கு வாங்கியது வேகன் ஆருக்குப் பொருந்தின மாதிரி தெரியும், வளைவு இரண்டு மில்லி மாறினாலே கொக்கி முழுசாக உட்காராது. மாட்டுவதற்கு முன் பாதம் உட்காரும் இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் மாட்டினால் கூட ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெயின்டைத் தேய்க்கும். மாட்டிய பிறகு ஒரு காகிதத் துண்டைக் கதவு ரப்பரில் வைத்து கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காகிதம் சும்மா வந்துவிட்டால் மழையில் அந்த இடம் ஒழுகும்.

இறுக்கம் எவ்வளவு என்று தயாரித்தவர்கள் எழுதியிருப்பார்கள். பலர் டார்க் (திருகும் விசை) காட்டும் சாவியே கூடத் தருகிறார்கள். 'இன்னும் கொஞ்சம்' என்று திருகினால் கூரை ஓரம் குழிந்துவிடும்.

இரண்டாவது, டாக்ஸிகளில் இருக்கும் இரும்பு டாப் கேரியர். அம்பாசடர், ஆம்னி மாதிரி கூரை ஓரத்தில் மழைநீர்க் கால்வாய் இருந்த வண்டிகளுக்கு அது அருமையாகப் பிடிக்கும். இப்போதைய கார்களில் அந்தக் கால்வாயே இல்லை. லோக்கல் பட்டறையில் பட்டையை வளைத்துக் கதவில் மாட்டித் தருகிறார்கள். பட்டை மெல்லிசாக இருந்தால் இழுக்கும்போது நிமிர்ந்துகொள்ளும். கூரையில் துளை போட்டு போல்ட் அடிக்கிறேன் என்பவரிடம் காரை விடாதீர்கள். துரு அங்கேதான் தொடங்கும், ஒழுகலும் அங்கேதான்.

ஏற்கெனவே நல்ல டாப் கேரியர் இருக்கிறவர்களுக்கு ஒன்று: அதன் பக்கக் கம்பிகள் கயாக் அடிப்பாகத்தை ஒரே கோட்டில் அழுத்தும். இரண்டு ரீப்பர் கட்டையைக் குறுக்கே போட்டு, யு கிளாம்பால் கேரியரோடு இறுக்கி, மேலே பழைய கார்பெட் சுற்றிவிடுங்கள். கயாக் கட்டைமேல் உட்காரட்டும்.

மூன்றாவது, காற்றடைக்கும் பட்டை அல்லது பஞ்சுக் கட்டையை நேராகக் கூரையில் வைத்து, பெல்ட்டைக் காருக்குள் சுற்றுவது. பக்கத்து ஊர் வரை, 40–50 வேகத்தில் என்றால் சரி. ஈசிஆரில் தினமும் போக அது வேண்டாம்.

#4 கழிமுகம்

நன்றி சார். கிளாம்ப் கால், ஒரே கயாக் என்று முடிவு செய்துவிட்டேன். ராட்செட் ஏன் கூடாது? அதுதானே நன்றாக இறுகும்? இன்னொன்று, கயாக்கை நிமிர்த்தி வைப்பதா கவிழ்த்து வைப்பதா?

#5 அமரம்

நன்றாக இறுகும் என்பதுதான் சிக்கலே. ராட்செட் கைப்பிடி ஒரு நெம்புகோல். நீங்கள் சும்மா இழுப்பதைப் பல மடங்காக்கிவிடும். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று கைக்குத் தெரியாது. பாலிஎதிலின் உடல் காலையில் தாங்கும், 11 மணி வெயிலில் இளகி, பெல்ட் போன இடத்தில் பள்ளமாகும். ஃபைபர் கயாக் என்றால் நேராக விரிசல். கிளாம்ப் காலையும் அது மேலே இழுத்துக் கொக்கியை நிமிர்த்தப் பார்க்கும். லாரியில் இரும்புப் பெட்டி கட்டத்தான் ராட்செட்.

உங்களுக்கு வேண்டியது கேம் பக்கிள் பெல்ட், அதாவது கையால் இழுத்து இறுக்கினால் பக்கிளின் பல் கடித்துப் பிடித்துக்கொள்ளும் வகை. அகலம் 25 மி.மீ., துணி பாலியெஸ்டர். நைலான் நனைந்தால் நீளும், நீண்டால் தளரும். நீளம் 3.6 மீட்டர் மட்டுமட்டாக வரும். 4.5 வாங்கினால் நிம்மதி. எண்ணிக்கை இரண்டு, டிக்கியில் உபரி ஒன்று. பெல்ட்டில் தைத்த லேபிளில் இரண்டு எண் இருக்கும்: ஒன்று அறுந்துபோகும் பலம், இன்னொன்று வேலை பலம். வேலை பலம் பெரும்பாலும் மற்றதில் மூன்றில் ஒரு பங்கு. நீங்கள் பார்க்க வேண்டியது வேலை பலம். லேபிளே இல்லாத பெல்ட்டை வாங்காதீர்கள்.

உங்கள் வகை கயாக்கைக் கவிழ்த்து வையுங்கள். மேல் விளிம்புதான் அதில் கெட்டியான பகுதி. இரண்டு கம்பியிலும் இரண்டிரண்டு பஞ்சு, விளிம்பு உட்காரும் இடத்தில். பிளம்பிங் கடையில் ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்புப் பஞ்சுக் குழாய் கிடைக்கும், கம்பிக்கு அதுவே போதும். ஏற்றுவதற்கு முன் சீட்டைக் கழற்றுங்கள், துடுப்பையும் மூடிகளையும் காருக்குள் போடுங்கள். அடைப்பானைத் திறந்து உள்ளே நின்ற தண்ணீரை முழுவதும் வடியுங்கள். 10 லிட்டர் தண்ணீர் 10 கிலோ. அது பிரேக் போட்டால் முன்னால் ஓடும், ஏற்றத்தில் பின்னால் ஓடும். அடைப்பானைத் திறந்தே வைத்தால் வெயிலில் உள்காற்று விரிந்து உடல் உப்புவதும் இருக்காது.

உள்ளே உட்காரும் வகை வைத்திருப்பவர்கள் நிமிர்த்தி வைத்தால் உட்காரும் குழிக்கு மூடி போட்டே ஆகணும். பெருமழையில் அந்தக் குழி தொட்டியாகிவிடும். கூரைக்கு வரும் எடை ஏறிக்கொண்டே போகும்.

இனி பெல்ட் போடும் முறை. முன் கம்பிக்கு ஒன்று, பின் கம்பிக்கு ஒன்று.

பக்கிள் உங்கள் பக்கம், கம்பிக்கு ஒரு சாண் மேலே, கயாக்கின் பக்கவாட்டில் நிற்கட்டும். அடியில் ஒரு துணி. பெல்ட்டின் நீளமான வாலைக் கயாக் மேலாக அந்தப் பக்கம் போடுங்கள். வீசி எறியாதீர்கள், எதிர்ப்பக்கக் கண்ணாடியில் அடிக்கும். அங்கே போய் வாலைக் கம்பிக்கு அடியில் விட்டு எடுங்கள். கம்பியைச் சுற்ற வேண்டிய இடம் கயாக் விளிம்புக்கும் கிளாம்ப் காலுக்கும் நடுவில், விளிம்பை ஒட்டி. காலுக்கு வெளியே சுற்றினால் ஒரு குலுக்கலில் பெல்ட் கம்பி முனையை விட்டு நழுவிப் போய்விடும். வாலை மறுபடி கயாக் மேலாக உங்கள் பக்கம் கொண்டு வாருங்கள். உங்கள் பக்கக் கம்பிக்கு அடியில் விட்டு மேலே இழுத்து, பக்கிளின் கட்டையை அழுத்திக்கொண்டு கீழிருந்து உள்ளே செலுத்துங்கள். பல் கடிக்கும் பக்கமாக வெளியே வரவேண்டும். கட்டையை விட்டுவிட்டு ஒரு சுண்டு சுண்டிப் பாருங்கள். வழுக்கினால் தலைகீழாகக் கோத்திருக்கிறீர்கள். இந்தத் தப்பு மிகவும் சாதாரணமாக நடக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும், பிடிமானம் மட்டும் இருக்காது.

இரண்டு பெல்ட்டையும் முதலில் தளர்வாகப் போட்டு, கயாக் நடுவில், நேராக இருக்கிறதா என்று காரின் பின்னால் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பிறகு மாறி மாறி இறுக்குங்கள். உங்கள் கை எடையால் கீழ் நோக்கி இழுக்கும் அளவு போதும், தொங்க வேண்டாம். மிச்ச வாலைப் பக்கிளுக்குக் கீழே இரண்டு அரை முடிச்சாகப் போட்டு, நுனியைச் சுற்றிச் செருகுங்கள். படபடக்கும் வால் பெயின்டை உரிக்கும்.

காற்றில் அந்தரமாக நிற்கும் பெல்ட் துண்டில், அதாவது கயாக் விளிம்புக்கும் கம்பிக்கும் இடையில், ஒரு அரை முறுக்கு கொடுங்கள். தட்டையாக விட்டால் 60 வேகத்தில் 'ம்ம்ம்' என்று ரீங்காரம் போடும். சத்தம் மட்டுமென்றால் பொறுத்துக்கொள்ளலாம், அந்த அதிர்வே பக்கிளைத் தளர்த்தவும் செய்யும்.

கடைசியாகக் கயாக்கின் முனையைப் பிடித்து இடமும் வலமும் ஆட்டுங்கள். கார் மொத்தமும் சஸ்பென்ஷனோடு சேர்ந்து ஆடினால் சரி. கம்பிமேல் கயாக் மட்டும் அசைந்தால் மறுபடி இறுக்குங்கள். கம்பியே கூரைமேல் அசைந்தால் பெல்ட்டைத் தொடாதீர்கள், கயாக்கை இறக்கிவிட்டு கிளாம்ப்பைப் பாருங்கள்.

#6 நேர்கோடு

நல்ல விளக்கம். ஒரு கேள்வி. முன்னும் பின்னும் கயிறு கட்டணும் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 3 மீட்டர் கயாக்குக்கு, இரண்டு நல்ல பெல்ட் போட்ட பிறகு, அது வீண் வேலை என்பது என் கருத்து. 5 மீட்டர் கடல் கயாக்குக்கு வேண்டுமானால் சரி. முனையில் கயிறு போட்டு இறுக்கிக் கயாக்கை வாழைப்பழம் மாதிரி வளைத்தவர்கள் நிறைய.

#7 அமரம்

நேர்கோடு, போல்ட் போட்ட ரெயிலில் ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் தள்ளிக் கம்பி வைத்த பெரிய காருக்கு உங்கள் வாதம் ஓரளவு நிற்கும். கழிமுகம் வைத்திருப்பது மொட்டைக் கூரை. முன் கதவு, பின் கதவு இடம் கொடுக்கும் அளவில் கம்பிகளுக்கு இடைவெளி 70 செ.மீ. கிடைத்தாலே அதிகம். 3 மீட்டரில் 70 போக, முன்னால் 115, பின்னால் 115 செ.மீ. அந்தரத்தில்.

காற்றைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நேர் எதிரே வரும் காற்றின் அழுத்தம் 60 கி.மீ. வேகத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 17 கிலோ. 80-ல் 30. 100-ல் 47. வேகம் இரட்டித்தால் அழுத்தம் நாலு மடங்கு. நீங்கள் 80-ல் போகும்போது 30 கி.மீ. காற்று எதிரே அடித்தால் கயாக்குக்கு அது 110, அதாவது 57 கிலோ. அணியத்தின் (கயாக்கின் முன்முனை) அந்தரப் பகுதி அரை சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அழுத்தத்தில் பாதி மட்டும் தூக்குவிசையாக மாறினாலும் 15 கிலோ. அது நிலையாக நிற்காது, எதிரே பஸ் கடக்கும்போதெல்லாம் ஏறி இறங்கும். 115 செ.மீ. நீள நெம்புகோல் உங்கள் முன் கிளாம்ப்பை மேலும் கீழும் ஆட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கும் உண்டு. நல்ல டயரில் அவசர பிரேக் 0.8 ஜி (புவியீர்ப்பில் 0.8 மடங்கு) வரும். 22 கிலோ கயாக் 17–18 கிலோ விசையோடு முன்னால் வழுக்கப் பார்க்கும். பெல்ட் அதை உராய்வால் மட்டுமே பிடித்திருக்கிறது. ஈரமான பாலிஎதிலினுக்கு உராய்வு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

கயிற்றின் வேலை கயாக்கைக் கீழே அழுத்துவது இல்லை. முன்னே பின்னே போகாமல் தடுப்பதும், கிளாம்ப் கழன்றால் கயாக்கைக் காரோடு வைத்திருப்பதும்தான். அதனால் தொய்வு போகும் அளவு இழுத்தால் போதும். விரலால் தட்டினால் லேசாக அதிரணும், வீணைத் தந்தி மாதிரி நிற்கக் கூடாது. வாழைப்பழமாக வளைத்தவர்கள் செய்த தப்பு கயிறு கட்டியதில் இல்லை, அதை இறுக்கியதில்.

இன்னொரு பயன்: முன் கயிறு உங்கள் கண்ணாடிக்கு நேரே தெரியும். அது தொய்ந்தால் மேலே ஏதோ நகர்ந்திருக்கிறது, ஓரங்கட்டு என்று அர்த்தம்.

#8 நேர்கோடு

70 செ.மீ. இடைவெளி என்பதை நான் யோசிக்கவில்லை. மொட்டைக் கூரைக்குக் கயிறு வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காரில் எங்கே கட்டுவது? பம்பர் எல்லாம் பிளாஸ்டிக்.

#9 உப்புக்காற்று

பம்பரில், கிரில்லில், நம்பர் பிளேட் சட்டத்தில் கட்டவே கூடாது. முன்பக்கத்துக்கு இரண்டு இடம் உண்டு.

ஒன்று இழுவை வளையம். சில கார்களில் பம்பருக்கு அடியில் தயாராக இருக்கும். சிலவற்றில் டூல் கிட்டில் திருகும் வளையமாக வரும், பம்பரில் சின்ன மூடியைத் திறந்து திருகணும். வீல் ஸ்பேனரின் நுனியை வளையத்தில் விட்டு அடிவரை திருகுங்கள். சில கார்களில் மரை இடப்பக்கம் திரும்பும், கட்டாயப்படுத்தாதீர்கள். குறை என்னவென்றால் வளையம் ஒரு பக்கமாக ஒரே ஒன்றுதான்.

எனக்குப் பிடித்தது பானெட் வளையம். 25 மி.மீ. பெல்ட் துணியில் 40 செ.மீ. வெட்டி, இரண்டாக மடித்து, இரண்டு நுனியும் சேரும் இடத்தில் சூடாக்கிய ஆணியால் துளை போடுங்கள். துளை ஓரம் உருகிக் கட்டிப்படும், நூல் பிரியாது. பானெட்டைத் திறந்தால் ஓரமாக ஃபெண்டர் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட் வரிசை தெரியும். பெரும்பாலும் 10-ஆம் நம்பர் ஸ்பேனர். முன்னால் இருக்கும் ஒன்றைக் கழற்றி, அகல வாஷர் வைத்து, துணியைக் கோத்துத் திரும்ப இறுக்குங்கள். இரண்டு பக்கமும் அப்படியே. வேண்டும்போது வளையத்தை வெளியே எடுத்து பானெட்டை மூடினால் இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும். வேலை முடிந்தால் உள்ளே மடக்கிவிடலாம். இரண்டு பக்கமும் கயிறு வருவதால் அணியம் பக்கவாட்டிலும் நகராது.

பின்னால் பம்பருக்கு அடியில் இருக்கும் இழுவைக் கொக்கிதான் சரி. டிக்கி கதவின் கைப்பிடியோ வைப்பரோ கிடையாது. கயிறு சைலன்சர் குழாயைத் தொடாமல் போகிறதா என்று குனிந்து பாருங்கள். பாலிபுரொப்பிலின் கயிறு சுமார் 160 டிகிரியில் உருகிவிடும்.

நம் கடைகளில் 'நைலான் கயிறு' என்று கேட்டால் தரும் நீலம், பச்சை, மஞ்சள் வழுவழுப்புக் கயிறு பெரும்பாலும் நைலானே இல்லை, அந்த பாலி வகைதான். முடிச்சு நிற்காது, வெயிலில் தூள் தூளாகும். 6 அல்லது 8 மி.மீ. பின்னல் பாலியெஸ்டர் கயிறு வாங்குங்கள், முன்னால் 6 மீட்டர், பின்னால் 4.

கயாக் பக்கத்திலும் யோசிக்கணும். முனையில் இருக்கும் தூக்கு கைப்பிடி இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கிறதா, இல்லை உடலில் வார்த்த துளை வழியாக வருகிறதா? ஸ்க்ரூ என்றால் அதில் கட்டாதீர்கள். உங்கள் வகையில் தண்ணீர் வடியும் துளைகள் உடலை ஊடுருவிப் போகும், அதில் முன்னால் இருப்பதில் கயிற்றை விடுங்கள்.

முடிச்சுக்கு லாரிக்காரர்கள் தார்ப்பாய் இழுக்கும் கட்டே போதும். கயாக்கிலிருந்து வரும் கயிற்றின் நடுவில் ஒரு சுருக்குக் கண் போடு, நுனியைப் பானெட் வளையத்தில் விட்டு மேலே கொண்டு வந்து அந்தக் கண்ணுக்குள் விடு, கீழ் நோக்கி இழு, கண்ணுக்குக் கீழே விரலால் கிள்ளிப் பிடித்துக்கொண்டு இரண்டு அரை முடிச்சு. மிச்சக் கயிற்றைச் சுருட்டிக் கட்டியே ஆகணும். அவிழ்ந்த முன் கயிறு முன் சக்கரத்தில் சிக்கினால் அணியத்தைக் கீழே இழுத்து, கயாக்கை முறித்து, கம்பியையும் பிடுங்கிவிடும். முன் கயிற்றில் எனக்கு இருக்கும் ஒரே பயம் அதுதான்.

#10 ஒன்ராறியோ_துடுப்பு

டொரன்டோ பக்கத்திலிருந்து ஒரு சேர்ப்பு. இங்கே சின்ன கார்களில் 4 மீட்டருக்கு மேற்பட்ட கயாக்கும் போகும். காரின் பின்னால் 1.5 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீட்டினால் பகலில் சிவப்புக் கொடி, இரவில் சிவப்பு விளக்கு வைக்கணும் என்பது ஒன்ராறியோ சட்டம். அங்கே எப்படி?

#11 அமரம்

இந்தியாவில் நீட்டவே கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவுக்கு மேல் பக்கவாட்டில், முன்னால், பின்னால், உயரத்தில் பாரம் நீட்டினால் அபராதம் ₹20,000. இறக்கிவைக்கும் செலவும் நம் தலையில். சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று நம்பிப் போகாதீர்கள்.

சின்ன கார்க்காரர்கள் கயாக் வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ளணும். வேகன் ஆர் 3.655 மீட்டர், ஆல்டோ கே10 3.53. 3 மீட்டர் கயாக் இரண்டிலும் காரின் நீளத்துக்குள் அடங்கும். 4.2 மீட்டர் கயாக் இரண்டிலும் அடங்காது. 'கொஞ்சம் நீளமானது வேகமாகப் போகும்' என்பது உண்மைதான், ஆனால் வீட்டிலிருந்து தண்ணீர் வரைக்கும் அது எப்படிப் போகும் என்பதையும் யோசித்து வாங்குங்கள்.

#12 மழைக்கோடு

காருக்குள் பெல்ட் சுற்றுவது பற்றி உப்புக்காற்று சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போனது. ஜன்னல் வழியாகக் கயிறு விட்டால் கதவுகளைத் திறக்க முடியாமல் போகும். அவசரத்தில் ஆட்கள் இறங்க வழியில்லை. கதவைத் திறந்து வைத்து, சட்டத்துக்கு உள்ளே பெல்ட்டை விட்டு, பிறகு மூடணும். அப்படியும் மழையில் பெல்ட் துணி திரி மாதிரி தண்ணீரை உறிஞ்சி உள்ளே கொண்டு வரும், சொட்டுவது சரியாக டிரைவர் தலையில். பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள காரில் அந்த இடத்தில் பெல்ட் ஓடுவதே கூடாது, விரியும்போது தடுக்கும்.

#13 உப்புக்காற்று

சரியான திருத்தம், நன்றி.

ஓட்டும்போது: கிளம்பிப் பத்து நிமிடத்தில் ஒரு முறை ஓரங்கட்டி எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். பெல்ட் பஞ்சில் பதிந்து முதல் சில கிலோமீட்டரில்தான் அதிகம் தளரும். நம் ஊர் வேகத்தடைகள் பெரிய சோதனை, பெயின்ட் கூட அடிக்காத தடையில் 30-ல் ஏறினாலே கயாக் ஒரு தரம் எழும்பி உட்காரும். அப்படி ஒன்று நடந்தால் மறுபடி பாருங்கள்.

ஈசிஆருக்குத் தனியாக ஒன்று. கோடையில் மதியம் நெருங்கும்போது கடல்காற்று கிழக்கிலிருந்து ஏறும். தெற்கே போகும்போது இடது பக்கமாக, திரும்பும்போது வலது பக்கமாக அடிக்கும். வரிசையாகக் கட்டடம் வந்து திடீரென்று வெட்டவெளி வரும் இடங்களில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். வேகன் ஆர் உயரமான வண்டி, அதற்கு இது இன்னும் அதிகம். 70-க்கு மேல் வேண்டாம். டயர் காற்றைக் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் முழு பார அளவுக்கு வையுங்கள்.

வெயிலில் நிறுத்தினால் பெல்ட்டை ஒரு விரல் நுழையும் அளவு தளர்த்துங்கள், கிளம்பும்போது மறக்காமல் இறுக்குங்கள். மறதிக்கு மருந்து: தளர்த்தியதும் கார் சாவியைப் பக்கிளிலேயே தொங்கவிடுங்கள். பள்ளம் விழுந்துவிட்டால் பதறவேண்டாம், பெல்ட் இல்லாமல் வெயிலில் கவிழ்த்து வைத்தால் பெரும்பாலும் தானாக மேலே வரும்.

வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டையும் பக்கிளையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பு பக்கிளின் ஸ்பிரிங்கைத் தின்னும். ஸ்பிரிங் சோர்ந்தால் பல் கடிக்காது, வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. பெல்ட் நிறம் வெளுத்து, தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் வெட்டி எறியுங்கள், வெட்டாமல் எறிந்தால் யாராவது எடுத்துப் பயன்படுத்துவார்கள்.

#14 கழிமுகம்

எல்லாம் குறித்துக்கொண்டேன். இரண்டு சந்தேகம். வேகன் ஆர் உயரமாச்சே, தனி ஆளாக எப்படி ஏற்றுவது? அந்த ஒட்டு ரெயில் அப்படியே இருக்கலாமா?

#15 அமரம்

ஏற்றுவதற்கு: பின்னால் ஸ்பாய்லர் மேலே தடித்த ரப்பர் மேட் விரியுங்கள், சறுக்காதபடி அதன் ஓரத்தை டிக்கி இடுக்கில் செருகுங்கள். கயாக்கைக் காருக்குப் பின்னால் கவிழ்த்துப் போட்டு, அணியத்தை மட்டும் தூக்கி மேட்டில் சாயுங்கள். பிறகு கயாக்கின் பின்முனைக்கு வந்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கி முன்னால் தள்ளுங்கள். எந்த நேரத்திலும் உங்கள் கையில் இருப்பது முழு எடையில் ஏறத்தாழ பாதிதான். ஆன்டெனாவை முதலிலேயே திருகி எடுத்துவிடுங்கள். காற்று அடிக்கும் நாளில் தனியாக முயலாதீர்கள், தலைக்கு மேல் இருக்கும் கயாக் பாய்மரம் மாதிரி திரும்பும்.

காரின் உயரம் 1.675. கம்பியும் பஞ்சும் 12 செ.மீ., கவிழ்த்த கயாக் 35 செ.மீ. என்றால் மொத்தம் 2.15 மீட்டர். பேஸ்மென்ட் பார்க்கிங்குகளில் 2.1 என்று பலகை இருப்பது சாதாரணம். உங்கள் கயாக்கை நீங்களே டேப் வைத்து அளந்து, எண்ணைத் தாளில் எழுதி ஸ்டியரிங் எதிரே ஒட்டுங்கள்.

ஒட்டு ரெயிலைக் கழற்றியே ஆகணும், கிளாம்ப்பின் பாதம் உட்காரும் இடத்தை அது அடைத்துக்கொண்டிருக்கும். முதலில் முனை மூடிக்கு அடியில் ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். கூரையைத் துளைத்து ஸ்க்ரூ போட்டிருந்தால் அப்படியே விட்டு பெயின்ட் கடைக்குப் போங்கள், அந்தத் துளையை அடைத்த பிறகுதான் மற்றது. வெறும் டேப் என்றால் ஹேர் டிரையரால் ஒரு முனையை இரண்டு நிமிடம் சூடாக்கி, தடித்த தூண்டில் நரம்பை அடியில் கொடுத்து இரண்டு கையாலும் ரம்பம் மாதிரி இழுத்துக்கொண்டே போங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள். மிச்சப் பசையைக் கட்டை விரலால் உருட்டி எடுத்து, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு கிளாம்ப்பை மாட்டுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பாதம் வழுக்கும்.